புஸ்ஸி என்ற சொல் எதிர்ப்பட்டால்: படிப்பவருக்கும் மொழிபெயர்ப்பவருக்கும் ஒரு வழிகாட்டி

பூனைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் செல்லப்பெயர்களில் நம் வீடுகளுக்குள் முதலில் நுழைந்தது புஸ்ஸிதான். மழலையர் வகுப்பின் பாட்டோடு வந்த அந்தச் சொல், பால் கிண்ணத்தின் பக்கத்தில் வந்து உட்காரும் எந்தப் பூனைக்கும் பெயராகிவிட்டது. ஆனால் அதே சொல்லை ஓர் அமெரிக்கரிடம் சொன்னால், அவர் மனத்தில் பெரும்பாலும் பூனை தோன்றாது. பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாகவே அதை அவர் கேட்பார். இந்த இரண்டு பொருளுக்கும் நடுவே இன்னும் பல பொருள்கள் இருக்கின்றன என்பதும், அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியத் தெளிவான அடையாளங்கள் உண்டு என்பதும் நம் ஆங்கில வகுப்புகளில் சொல்லித் தரப்படுவதில்லை.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது, எட்டு வயது மகள் பள்ளியில் தன்னைப் பற்றி எழுதித் தரவேண்டிய தாளில், பாட்டி வீட்டில் விட்டுவந்த பூனையைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தாள். கீழே படமும் வரைந்து, ஒரு காதுக்கு மட்டும் கருப்பு வண்ணம் தீட்டியிருந்தாள். பூனையின் பெயரைச் சுற்றி ஆசிரியை பென்சிலால் மெல்லிய வட்டம் போட்டு, இதைப் பற்றி வீட்டில் பேசுங்கள் என்று ஓரத்தில் எழுதி அனுப்பியிருந்தார். என்ன தவறு என்று தாய்க்கும் புரியவில்லை. அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பிக் கேட்டார். குழந்தையின் மேல் ஒரு குற்றமும் இல்லை. சொல்லின் ஒரு பாதியை மட்டும் அவளிடம் கொடுத்துவிட்டு மறுபாதியை மறைத்து வைத்தவர்கள் பெரியவர்களாகிய நாம்தான். மறுபாதியையும் சேர்த்துச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். கொச்சையான பொருளையும் இங்கே மூடி மறைக்காமல் பேசவேண்டியிருக்கிறது.

முதலில் ஒலியைக் கவனியுங்கள். பி, யூ, எஸ், எஸ், ஒய் என்ற ஐந்தெழுத்துக் கோவை ஆங்கிலத்தில் ஒரே சொல் அன்று. எழுத்தில் மட்டும் ஒத்திருக்கும் இரண்டு சொற்கள். புல் என்பதில் வரும் புகர ஒலியோடு தொடங்கினால் அது புஸ்ஸி. பூனை முதலான பொருள்கள் எல்லாம் இதைச் சேர்ந்தவை. பல்லி என்பதில் வரும் பகர ஒலியோடு தொடங்கினால் அது பஸ்ஸி. சீழைக் குறிக்கும் பஸ் என்ற சொல்லிலிருந்து பிறந்து, சீழ் பிடித்த, சீழ் வடிகிற என்று பொருள்படும். இரண்டையும் எழுத்தில் வேறுபடுத்த ஆங்கிலத்துக்கு வழியில்லை, தமிழ் எழுத்துக்கு வழி இருக்கிறது. நமக்கு இது புதிய அனுபவமும் அன்று. பூசை என்று எழுதினால் இன்று எல்லோரும் வழிபாட்டைத்தான் நினைப்போம். ஆனால் பழந்தமிழில் பூசை என்பது பூனையின் பெயர். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்டுக் கரையில் நின்ற பூசையாகக் கம்பர் தம்மைச் சொல்லிக்கொள்ளும் இடத்தை, வழிபாடு என்று எண்ணிக்கொண்டு படித்தால் பாட்டே கலங்கிப்போகும். அந்த இடத்தில் நாம் எப்படிச் சூழலைப் பார்த்துப் பொருள் கொள்கிறோமோ அப்படியே இங்கும் கொள்ளவேண்டும்: புண், கட்டு, கொப்புளம், தொற்று, கண்ணில் வடியும் நீர் ஆகியவற்றின் நடுவே இந்த எழுத்துக்கோவை வந்தால் அது பஸ்ஸி.

மருத்துவமனையில் வேலை செய்வோர் இதில் இன்னும் ஒரு படி கவனமாக இருக்கவேண்டும். வாயால் பேசும்போது குழப்பம் எழாது. நோயாளியின் குறிப்பேட்டில் எழுதும்போதுதான் எழும். சீழோடு கூடிய கசிவை எழுத பியூருலென்ட் என்ற முறையான சொல் இருக்கிறது. அதையே எழுதுங்கள், அல்லது சீழ் இருக்கிறது என்று பெயர்ச்சொல்லாக எழுதிவிடுங்கள்.

ஒலி புஸ்ஸிதான் என்று உறுதியான பிறகு, அதற்கு முன்னும் பின்னும் ஒட்டிவரும் சொல்லைப் பாருங்கள். கூட்டுச்சொல்லாக வந்தால் பெரும்பாலும் கொச்சைக்கு இடமில்லை. புஸ்ஸிகேட் என்று, பூனையைக் குறிக்கும் கேட் என்ற சொல்லோடு சேர்ந்து வந்தால் பூனை. ஒரு மனிதரைப் பற்றி வந்தால், பார்ப்பதற்கு முரடாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சாது என்று பொருள். புஸ்ஸி வில்லோ என்பது ஒரு செடி. வில்லோ இனத்தில் சில மரங்கள் இலை துளிர்ப்பதற்கு முன்பே வெள்ளி நிறத்தில் மெத்தென்ற பூங்கொத்துகளை விடுகின்றன. தடவிப் பார்த்தால் பூனைக்குட்டியின் பாதத்தைத் தொடுவது போலிருப்பதால் அந்தப் பெயர். ரஷ்யா, உக்ரைன், போலந்து ஆகிய குளிர்நாடுகளில் குருத்தோலை ஞாயிறன்று, பனையோலை கிடைக்காத குறையைத் தீர்க்க இந்தக் கிளைகளைத்தான் கோயிலுக்கு எடுத்துச் செல்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர்கள் சீனப் புத்தாண்டு நெருங்கும்போது கடைகளில் கட்டுக்கட்டாக இதைப் பார்த்திருப்பார்கள். இதைத் தமிழில் பூனை வில்லோ என்று எழுதினால் போதும்; விளக்கம் தேவைப்படும் இடத்தில் பூவின் மென்மையைச் சொல்லிவிடலாம். கழுத்தருகே பெரிய முடிச்சாகக் கட்டப்படும் மென்துணி நாடாவைக் கொண்ட பெண்களின் மேற்சட்டைக்குப் புஸ்ஸி போ என்று பெயர். பிரிட்டனின் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் அதை அடிக்கடி அணிந்தார். புஸ் மாத் என்பது உடல் முழுதும் பஞ்சு போர்த்தியது போன்ற ஓர் அந்துப்பூச்சி. இவை எல்லாவற்றிலும் மென்மை என்ற ஒரே இழை ஓடுகிறது.

புஸ்ஸிஃபுட் என்பது சற்று வேறு. அதைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும். பூனை ஓசையில்லாமல் அடிவைப்பதிலிருந்து வந்த வினைச்சொல் அது. இரண்டு பொருளில் வழங்குகிறது: ஒன்று, பதுங்கிப் பதுங்கி நடப்பது, மற்றொன்று, தெளிவாகச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் நழுவுவது. இரண்டாவதற்குப் பூனைப்பாதம் என்றெல்லாம் சொல் கட்டவேண்டாம். மென்று விழுங்குவது, பட்டும் படாமலும் பேசுவது, பூசி மெழுகுவது என்று நம்மிடம் எத்தனையோ இருக்கின்றன; பேசுகிறவரின் நோக்கத்தைப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 1920-களின் ஆங்கில நாளிதழ்களில் இதே சொல் பெயர்ச்சொல்லாக வந்தால் பொருள் முற்றிலும் மாறிவிடும். வில்லியம் ஈ. ஜான்சன் என்ற அமெரிக்கர், கள்ளச்சாராயம் விற்போரைப் பூனை போல ஓசையின்றிப் பின்தொடர்ந்து பிடித்ததால் புஸ்ஸிஃபுட் ஜான்சன் என்று பெயர் பெற்றார். மதுவிலக்குப் பரப்புரைக்காக 1919-இல் லண்டன் சென்றபோது மாணவர் கூட்டம் ஒன்று அவரைத் தூக்கிச் சென்று அலைக்கழித்ததில் அவர் ஒரு கண்ணை இழந்தார். அதன்பின் பிரிட்டனில் புஸ்ஸிஃபுட் என்றாலே மதுவிலக்குக்காரர் என்று பொருள் வழங்கியது. மது கலக்காத ஒரு பழச்சாற்றுக் கலவைக்கும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அக்காலச் செய்தியை மொழிபெயர்ப்பவர் இந்தச் சொல்லை நழுவுகிறவர் என்று எழுதினால், மனத்தில் பட்டதை ஊரறியச் சொல்லிக் கண்ணையே இழந்த ஒரு மனிதரைக் கோழை ஆக்கிவிடுவார்.

கூட்டுச்சொல்லாக வராமல் தனித்து நிற்கும்போது, அந்த வரி எந்த ஆண்டில், எந்த நாட்டில் எழுதப்பட்டது என்று பாருங்கள். புஸ் என்ற வடிவம் 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கில ஏடுகளில் கிடைக்கிறது. பூனையைக் கூப்பிடும் ஒலியே பெயராகிவிட்டது என்பது பொதுவான கருத்து. டச்சு மொழியில் பூஸ், ருமேனிய மொழியில் பிசிகா, மலையாளத்தில் பூச்ச, நம் பழந்தமிழில் பூசை என்று வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த மொழிகளிலும் இதே சாயல் கேட்கிறது. இதை வைத்துக்கொண்டு ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது என்று எழுதிவிடுவோர் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கே கூப்பிட்டாலும் பூனை திரும்பிப் பார்க்கும் ஒலி ஒன்றுதான் என்பதற்கு மேல் அந்த ஒற்றுமையிலிருந்து எதையும் நிறுவ முடியாது.

அந்தப் பழைய காலத்திலேயே இச்சொல் பூனையை விட்டு வெளியே நடக்கத் தொடங்கிவிட்டது. 1583-இல் ஃபிலிப் ஸ்டப்ஸ் என்பவர் எழுதிய கண்டன நூலில், இளம் மனைவியைக் கொஞ்சும் பெயராக அது வருகிறது. வேட்டைக்காரர்களின் பேச்சில் புஸ் என்றால் முயல். வில்லியம் கௌப்பர் என்ற கவிஞர் 18-ஆம் நூற்றாண்டில் மூன்று முயல்களை வளர்த்தார். அவற்றில் ஒன்றின் பெயர் புஸ். ஆகவே பழைய வேட்டைப் பாட்டில் புஸ் ஓடுகிறது, நாய்கள் துரத்துகின்றன என்று படித்தால், பூனையை விட்டுவிட்டு முயலை எழுதுங்கள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த இங்கிலாந்துத் துப்பறியும் கதைகளில் வயதான பெண்களைக் கிழட்டுப் புஸ்ஸி என்று பேசுவதைப் பார்க்கலாம். அகதா கிறிஸ்டி படைத்த மிஸ் மார்ப்பிளையும் அப்படிச் சொல்கிறார்கள். சன்னலோரம் அமர்ந்து பின்னிக்கொண்டே ஊரில் நடப்பதையெல்லாம் கவனித்து வைத்திருக்கும் பாட்டி என்பது அதன் பொருள். அதில் ஏளனமும் இருக்கும், உள்ளூர ஒரு மதிப்பும் இருக்கும்; கொச்சை துளியும் இல்லை. ஊர்வம்பெல்லாம் தெரிந்த பாட்டி என்றோ, எமகாதகக் கிழவி என்றோ, பேசுபவரின் தொனிக்கேற்ப எழுதலாம்.

இனிக் கொச்சைப் பொருள். பெண்ணுறுப்பைக் குறிக்கும் வழக்கு 19-ஆம் நூற்றாண்டின் அச்சுச் சான்றுகளிலேயே தெளிவாக இருக்கிறது. பை, உறை என்று பொருள்படும் பழைய வடமொழிச் சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது சொல்லாராய்ச்சியாளர் சிலரின் கருத்து. வடமொழி என்று நான் இங்கே சொல்வது ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியை. இன்றைய அமெரிக்க ஆங்கிலத்தில் தனித்து நிற்கும் புஸ்ஸிக்கு முதல் பொருள் இதுவே. பிரிட்டனில் பூனை என்ற பொருளும் உயிரோடு இருப்பதால், அங்கே ஒரு மூதாட்டி தம் பூனையை இப்படி அழைப்பதைக் கேட்டு நீங்கள் அதிர வேண்டியதில்லை. இலக்கணமும் ஓரளவு துணை செய்யும். ஏ, தி, மை போன்ற முன்சொல் எதுவும் இல்லாமல், எண்ண முடியாத பொருளைப் போல இச்சொல் வாக்கியத்தில் கிடந்தால் அது கொச்சைதான். அதிலும் பெண்களைப் பண்டமாக எண்ணிப் பேசும் இழிந்த வழக்கு. அகராதியைத் திறந்தால் சொற்பொருளுக்கு முன் வல்கர் (கொச்சையானது), அஃபென்சிவ் (புண்படுத்துவது) என்று சிறு குறிப்புகள் இருக்கும். மாணவர்கள் அவற்றைத் தாண்டிச் சென்று பொருளை மட்டும் படிக்கிறார்கள். இந்தச் சொல்லைப் பொறுத்தவரை பொருளை விடக் குறிப்புதான் முதன்மையானது.

தமிழில் இதைக் கொண்டுவரும்போது, யார் பேசுகிறார் என்பதை வைத்துத் தரத்தை முடிவு செய்யவேண்டும். நாவலில் ஒரு குடிகாரன் பேசும் வசனம் என்றால் நம் வட்டாரத்தின் வசைச்சொல்லே பொருந்தலாம். அதை நாகரிகப்படுத்தினால் அந்தப் பாத்திரம் பொய்யாகிவிடும். செய்தி என்றால் பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல் என்று விவரித்துவிடுவது நேர்மையானது. 2005-இல் பதிவான டொனால்ட் டிரம்பின் பேச்சு 2016 அக்டோபரில் வெளியானபோது உலகம் முழுவதும் செய்தியாளர்கள் இந்தச் சிக்கலில் நின்றார்கள். அங்கே வெறுமனே தகாத சொல் பேசினார் என்று எழுதினால், பேச்சு வன்தொடுகையைப் பற்றியது என்ற செய்தியே வாசகருக்குக் கிட்டாமல் போய்விடும். இடக்கரடக்கல் நம் மொழியின் நல்ல மரபு. ஆயினும் நடந்ததையே மறைக்கும் அளவுக்கு அதை நீட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

டோன்ட் பி எ புஸ்ஸி என்ற வசனம் திரைப்படங்களில் அடிக்கடி வருகிறது. அங்கே ஏ என்ற முன்சொல்லோடு ஒரு மனிதரைச் சுட்டி வருவதே அடையாளம்: கோழை என்று பொருள். பூனையாக இருக்காதே என்று தமிழ் வசனவரி ஓடியதைக் கண்டிருக்கிறேன். எந்திர மொழிபெயர்ப்பை யாரும் சரிபார்க்காமல் விட்டதன் விளைவு அது என்று நினைக்கிறேன். பயந்தாங்கொள்ளி என்பது சிறுவர் பேச்சுக்குப் பொருந்தும். பெரியவர்கள் சீண்டிக்கொள்ளும் இடத்தில் தொடைநடுங்கி என்பதே சரியான எடை. கோழை என்ற பொருள், சிறுமனத்தைக் குறிக்கும் ப்யூஸிலானிமஸ் என்ற நீண்ட லத்தீன் வழிச் சொல்லின் சுருக்கம் என்று இணையத்தில் பரவியிருப்பதை நம்பவேண்டாம். ஆணைப் பெண்ணோடு ஒப்பிட்டு இழிவுபடுத்தும் பழக்கத்திலிருந்தே அது வளர்ந்தது. அந்த இழிவு மூலத்தில் இருப்பதால் தமிழிலும் அதே வகையான இழிவைத் தேடிப்போகவேண்டுமா என்று கேட்டால், பேச்சின் கருவே அதுவாக இருந்தாலொழிய வேண்டாம் என்பேன். தொடைநடுங்கி என்ற சொல்லில் ஏளனம் முழுதும் இருக்கிறது. எந்தப் பெண்ணையும் அது இழுப்பதில்லை.

மிகக் கடினமான இடம், இரண்டு பொருளையும் பேசுபவர் வேண்டுமென்றே ஒன்றாக வைக்கும் இடம். பிபிசியில் 1972 முதல் 1985 வரை ஒளிபரப்பான ஆர் யூ பீயிங் செர்வ்ட் என்ற நகைச்சுவைத் தொடரில், திருமதி ஸ்லோகோம் என்ற பாத்திரம் தம் பூனையைப் பற்றி மிகவும் சாதாரணமாகப் பேசுவார். பார்ப்பவர்கள் மறுபொருளில் கேட்டுச் சிரிப்பார்கள். தமிழில் அந்தச் சிலேடை ஒரே சொல்லில் வராது. பூனை என்று மட்டும் எழுதினால் சிரிப்பு போய்விடும். மறுபொருளை எழுதினால் அந்த அம்மையாரின் வெகுளித்தனம் போய்விடும். வாக்கியத்தை மாற்றி வேறொரு தமிழ்ச் சிலேடையை வைப்பது ஒரு வழி. ஆய்வு நூல் என்றால் அடியில் குறிப்பு எழுதுவது மற்றொரு வழி. 2017 ஜனவரி 21 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் பேரணியில் ஏராளமானோர் அணிந்துவந்த இளஞ்சிவப்புக் கம்பளித் தொப்பிக்குப் பூனைக்காதுகள் இருந்தன; டிரம்பின் சொல்லைப் பறித்து அவருக்கெதிராகவே திருப்பிய சிலேடை அது. அதைப் பூனைத் தொப்பி என்று எழுதி, அடுத்த வரியிலேயே காரணத்தைச் சொல்லிவிடவேண்டும். காரணம் இல்லாமல் எழுதினால் குழந்தைகளின் மாறுவேடம் போலத் தோன்றும். மாஸ்கோவில் 2011-இல் தோன்றி, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு பேராலயத்தில் நடத்திய எதிர்ப்புப் பாடலால் சிறைத்தண்டனை பெற்ற புஸ்ஸி ரயட் என்ற பெண்கள் இசைக்குழுவின் பெயரோ சிறப்புப்பெயர். சிறப்புப்பெயரை மொழிபெயர்க்காமல் ஒலியின்படியே எழுதுவதுதான் முறை.

பெயர் என்றவுடன் எதிர்த்திசைப் பயணத்தையும் சொல்லவேண்டும். புதுச்சேரியில் புஸ்ஸி வீதி இருக்கிறது. அதற்கும் பூனைக்கும் எந்த உறவும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் தளபதி தெ புஸ்ஸியின் பெயர் அது. பகர வரிசையே இரண்டு ஒலிக்கும் எழுத்தாக நம்மிடம் இருப்பதால் தமிழில் வேறுபாடு தெரிவதில்லை. முகவரியை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலெழுத்து ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தாகிய பி (B). ஒலியை மட்டும் நம்பி எழுதினால் கடித உறையின் மேல் வேறு சொல் நின்றுவிடும்.

புஸ் என்ற குறுகிய வடிவத்துக்கும் தனியாக ஒரு பொருள் உண்டு: முகம். ஐரிஷ் மொழியில் உதடு, வாய் என்று பொருள்படும் சொல்லிலிருந்து அமெரிக்கப் பேச்சுக்குள் வந்தது. சவர்புஸ் என்றால் எப்போதும் முகத்தைச் சுளித்தபடி இருப்பவர். சிடுமூஞ்சி என்பது அச்சாகப் பொருந்தும்.

நீங்களே பேசும்போது, எழுதும்போது என்ன செய்வது என்பதற்கு விடை எளிது. கேட் என்ற சொல் எல்லா இடத்திலும் போதும். செல்லமாகச் சொல்லவேண்டும் என்றால் கிட்டி என்று சொல்லலாம். கிட்டிக்கும் வேறு பொருள் உண்டு. பலர் சேர்ந்து போட்டுவைக்கும் பொதுப்பணத்தை அது குறிக்கும், வட இந்திய நகரங்களின் கிட்டி பார்ட்டி நம் குலுக்கல் சீட்டைப் போன்றது. ஆனால் அந்தப் பொருளால் யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. வீட்டுப் பூனைக்கு ஏற்கெனவே புஸ்ஸி என்று பெயர் வைத்திருந்தால் அதை மாற்றவேண்டியதில்லை. தமிழ்ப் பேச்சில் அது பூனையின் பெயர் மட்டுமே. வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளையிடம் மட்டும், அந்த ஊரில் இந்தப் பெயருக்குக் கெட்ட வார்த்தை ஒன்றின் ஒலி இருக்கிறது, அதனால் அங்கே பேசும்போது கிட்டி என்று சொல்லிக்கொள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எட்டு வயதுக்கு அந்த விளக்கம் போதும். பதின்மூன்று வயதுக்கு முழுப்பொருளையும் சொல்லிவிடலாம், ஏனெனில் நாம் சொல்லாவிட்டாலும் வகுப்பில் யாராவது சொல்லிவிடுவார்கள், அதுவும் கேலியாக.

அந்தச் சிறுமியிடம் அவள் தாய் இதைத்தான் சொன்னார். அவள் யோசித்துவிட்டு, பாட்டி அந்தப் பெயரில்தானே கூப்பிடுகிறார், பாட்டியும் கெட்ட வார்த்தையா பேசுகிறார் என்று கேட்டாள். இல்லை, பாட்டி பேசுவது தமிழ் என்றார் தாய். மறுநாள் அவள் கொண்டுபோன தாளில் பூனைக்குக் கிட்டி என்று பெயர் இருந்தது. கருப்புக் காது அப்படியே இருந்தது.